பிழை பார்த்தல்

பக்கத்து நாற்காலிப் பெண்ணின் வளையல்கள் ஓய்வேனா என்றன. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும் மாறி மாறி, நேற்றோ முந்தாநாளோ போட்டது, சந்தன வாசம்கூட இன்னும் போகவில்லை. முந்தானையை இழுத்துவிட்டால் கலகல, கொட்டாவிக்கு வாயைப் பொத்தினால் கலகல, ஒன்றும் செய்யாமல் இருந்தால் மூச்சு விடுவதற்கே ஒரு கலகல. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முனீஸ்வரிக்குக் கூசியது. மடியில் கிடந்த குழந்தை எழுந்துகொள்ளும் என்பதற்காக இல்லை. இரண்டரை மாதப் பிள்ளை, காதருகே தவில் அடித்தாலும் எழாது, பால் நேரம் வந்தால் மட்டும் கடிகாரம் பார்த்த மாதிரி எழும். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தாள், இப்போது பதினொன்றே கால். கவுன்சிலர் ஜெபராணி மேடம் இன்னும் கூப்பிடவில்லை. "சென்னையிலேர்ந்து பாப்பா ரிசல்ட் வந்திருச்சு முனீஸ்வரி, செவ்வாக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க" என்று போனில் சொன்னாள், அவ்வளவுதான். நாலு நாளாக அந்த ஒரு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பார்த்தபோது "வந்திருச்சு" என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சனிக்கிழமை அது போய், "பாத்துட்டுப் போங்க" என்பதில் ஒரு இரக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டாளா? நல்லதோ கெட்டதோ போனில் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு, அதுவும் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்கிறதா. தன் உடம்பில் இருக்கிற எச்.ஐ.வி. இந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் அச்சாகிக் கிடக்கிறது, இவள் வெளியே உட்கார்ந்து அடுத்தவள் வளையலுக்கு எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறாள். எரிச்சல்படவும் தெம்பு வேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துபோயிற்று.

எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஏழு வருஷமாக டி.டி.பி. அடிக்கிறவள் முனீஸ்வரி. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தினக் காலண்டர் என்று எது வந்தாலும் அடித்து, பிழை பார்த்து, மிஷினுக்கு அனுப்புகிறவள். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் கண் தன்னால் போய் ஒற்று விட்டிருக்கிறதா என்று தேடும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுப்போம். ஒற்றெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சேய். இந்த வார்த்தையை எந்தத் தாயாவது வாயால் சொல்லியிருப்பாளா? ஏ சேயே, சாப்பிட வா என்று? ஆஸ்பத்திரிச் சுவரிலும் தடுப்பூசி அட்டையிலும் மட்டும் குடியிருக்கிற வார்த்தை. எட்டாம் வகுப்பில் தமிழ் டீச்சர் நடத்தியது நினைவு வந்தது, இது என்றால் அண்மை, அது என்றால் சேய்மை. சேய்மை என்றால் தூரம். அப்படியானால் சேய் என்பது தூரத்தில் இருக்கிறதா? வயிற்றுக்குள் கிடந்ததைவிடவா ஒன்று அண்மையில் இருந்துவிடும்? ஆனாலும் ரத்தம் வேறு வேறுதான், நடுவில் ஒன்று இருந்து சல்லடை மாதிரி வடிகட்டும், அது நன்றாக இருந்து, அம்மா ரத்தத்தில் கிருமியும் குறைவாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஜெபராணி மேடம் நோட்டில் படம் போட்டுச் சொன்னாள். அதற்குப் பெயர் நஞ்சு. ஒன்பது மாதம் பிள்ளையைக் காக்கிறதுக்குப் போய் நஞ்சு என்று பேர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, ப்ரூஃப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். சின்ன எழுத்திலேயே பிழை தேடாதம்மா, தப்பு எப்பவும் பெரிய எழுத்துலதான் உக்காந்திருக்கும் என்பார் அச்சகத்து அண்ணாச்சி. அவர் சொல்வது சத்தியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முகூர்த்த நேரம், மண்டப விலாசம், தாய்மாமன் பெயர்கள் எல்லாம் நுணுக்கி நுணுக்கிப் பார்த்துவிட்டு, நட்டநடுவில் தங்க எழுத்தில் மணமக்களை வீழ்த்த வருமாறு என்று விட்டுவிட்டாள். வாழ்த்த என்பது எப்படி வீழ்த்த ஆனதென்று இன்றுவரை தெரியாது. ஐந்நூறு பத்திரிகை போன பிறகுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா போன் பண்ணினார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. இந்தப் போர்டிலும் பெரிய எழுத்தில்தான் தப்பு இருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு, சரி. தாய்க்கு யாரிடமிருந்து? அந்த வரி எங்கே? மேலே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. வெட்டி எடுத்த மாதிரிகூட இல்லை, எழுதிக் கொடுத்தவன் பிரதியிலேயே இல்லை போல. புருஷன் சோலையப்பன் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், கட்டாக் என்று போகிற டிரைவர். நாலாம் மாதம் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் முதலில் இவளுக்குத்தான் தெரிந்தது, பிறகு அவனைக் கூப்பிட்டு எடுத்தார்கள். இதே இடத்தில், அந்தத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்று, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். இவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. நல்ல ஆங்காரமாக நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நாள் குறித்து வைத்தாள், அந்த நாள் வரும்போதெல்லாம் அசதியாக இருந்தது.

கலகல. அந்தப் பெண் பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது, எட்டு முடிந்திருக்கும், ஒன்பதாம் மாத வளைகாப்பு. முனீஸ்வரிக்கும் ஒன்பதில்தான் போட்டார்கள். கையில் எத்தனை டஜன் என்று தெரியாது, தங்கம் மதினி பிடித்து அடுக்கினாள், சோலையப்பனின் அக்கா, எந்த வேலையையும் அடுத்தவர் கையில் விடமாட்டாள். ஏழு வகைச் சோறு, புளியோதரை, தேங்காய்ச் சாதம், சந்தனம் கன்னமெல்லாம். முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டும், போயிட்டு வர்றேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பிள்ளை பெறும்வரை புருஷன் வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. "பேசாம நட. பொறத்தால பாத்த, அப்புறம் இருக்கு" என்று மதினி முதுகில் கை வைத்து வேனில் ஏற்றினாள். பையையும் மதினிதான் கட்டியிருந்தாள், சேலை, துண்டு, பழைய வேட்டி கிழித்த துணி, எண்ணெய்ப் பாட்டில், எல்லாம் பார்த்துப் பார்த்து. வேன் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் நினைவு வந்தது. மாத்திரை. பீரோவில் கீழ்த்தட்டில், பவுடர் டப்பாவுக்குள். வெளியே மல்லிகை வாசம் என்று போட்ட டப்பா, உள்ளே அந்த மாத்திரை, அவளுக்கும் சோலையப்பனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கேட் மூடிக் கிடந்தது, ஒரு கூட்ஸ் போயிற்று, பெட்டி பெட்டியாக முடிகிறதாயில்லை. அத்தனை நேரம் இருந்தது. வண்டியைத் திருப்புங்கள் என்று ஒரு வார்த்தை. எதுக்கு என்பாள் அம்மா. பவுடருக்கு என்று சொல்லலாமா? ஒரு பவுடர் டப்பாவுக்காக நிறைமாதத்தோடு திரும்பி வந்து நிலையைத் தாண்டுவாளா ஒருத்தி? நீ இரு, நான் எடுத்துட்டு வாரேன் என்று மதினி எடுப்பாள். எடுத்தால் ஆட்டிப் பார்ப்பாள், எதை எடுத்தாலும் ஆட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. பவுடர் டப்பா கடகடவென்று சத்தம் போடுமா? கேட் திறந்தது. சாத்தூரில் அம்மா வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கடகட சத்தம் காதில் கேட்டது.

சோலையப்பன் அன்று நாக்பூர் தாண்டியிருந்தான். "ரெண்டு நாள்ல வந்துருவேன் முனீசு, நானே எடுத்துக் கொண்டாறேன். யாருகிட்டயும் கேக்காத" என்றான். ரெண்டு நாள் நாலாயிற்று, லோடு இறக்க ஆள் இல்லை, பிறகு வண்டி ஆக்ஸில் போயிற்று, பிறகு மழை. பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், வந்து சொல்லியிருந்தால் கையில் எண்ணிக் கொடுத்திருப்பார்கள். இது தெரியாமலா இருந்தது. ஒன்பது மாத வயிற்றோடு எங்கே கிளம்புற, நானும் வாரேன் என்று அம்மா செருப்பை மாட்டுவாள், வந்தால் இந்தப் போர்டைப் படிப்பாள், அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நாளைக்குப் போகலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை நேரம் என்று போனில் அலாரம் வைத்திருந்தாள், சாமி பாட்டு வரும், அம்மா ரசித்துக் கேட்பாள். ஒவ்வொரு ராத்திரியும் சாமி பாட்டு வந்தது, போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. நாளைக்கு. வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். மறுபடி நாளைக்கு. உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது, சந்தோஷத்தில் உதைக்கிறதா, உள்ளே ஏதோ வருகிறது என்று தள்ளுகிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது. பதினோராம் நாள் சாயங்காலம் சோலையப்பன் வந்தான், சட்டையெல்லாம் கிரீஸ், கையில் ஒரு பை. பையில் பவுடர் டப்பாவும் அரைக் கிலோ காராச்சேவும். சேவுக்குப் பேர்போன சாத்தூருக்கே சேவு வாங்கிக்கொண்டு வந்த மனுஷன். அம்மா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு வாங்கிய சேவை ஒருத்தரும் தின்னவில்லை, நமத்துப்போய் மாட்டுக்குப் போட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாசா மாசம் இங்கே மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து காட்டவேண்டும், மருந்தாளுநர் ஒரு தட்டில் கொட்டி இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். மிச்சம் கூடினால், விட்ட நாட்கள் என்று கோப்பில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஏறும். கட்டத்தில் எல்லா மாதமும் முட்டை. ஜெபராணி மேடம் அந்த முட்டைகளைக் காட்டி, "எங்க செண்டர்லயே முதல் ஆள் நீங்கதான் முனீஸ்வரி" என்று சொல்லியிருக்கிறாள். முனீஸ்வரி வாழ்க்கையில் யாரும் நீதான் என்று அவளைத் தனித்துச் சொன்னதில்லை. சோலையப்பன் வந்துபோன மறுநாள் காலை கக்கூஸில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, பதினோரு மாத்திரையை எண்ணி, ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்று மட்டும் போகவில்லை, மூன்று வாளி ஊற்றவேண்டி வந்தது. கணக்கு நேராகிவிட்டது. கட்டத்தில் இன்னொரு முட்டை. பிழையைத் திருத்தாமல், பிழை தெரியாதபடி பக்கத்தைச் சரிக்கட்டுவது என்று ஒன்று உண்டு, எல்லா அச்சகத்திலும் நடக்கிறதுதான், ஆனால் அது காகிதம்.

அப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. மூன்று வாரம் மிச்சமிருக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. அம்மாவிடம், எனக்கு ரத்தம் கம்மி, அதான் பெரியாஸ்பத்திரி என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் கோப்பைப் புரட்டினார். வளைகாப்புக்கு முந்தின வாரம் எடுத்த ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று ஒரு தாள் இருந்தது, முத்திரை, கையெழுத்து, எல்லாம். "ரொம்ப சுத்தமா இருக்கும்மா. ஆபரேஷன் வேண்டாம், சாதாரணமாவே பெத்துக்கலாம்" என்றார். அவர் பார்த்தது முதல் ப்ரூஃப். அதற்கப்புறம் பக்கம் கலைந்தது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லியிருக்கலாம், ஆனால் வலி வந்து வந்து போகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். தண்ணீர் உடைந்து எட்டு மணி நேரம் கழித்துப் பிறந்தாள். எட்டு மணி நேரம் அதிகமா, பரவாயில்லையா? அதில் போயிருக்குமா? அல்லது அந்தப் பதினோரு நாளிலேயே, சல்லடையில் எங்கோ ஒரு கண் பெரிதாகி, முன்னமே போயிருந்ததா? அல்லது நாலாம் மாதம் தெரியும்வரை, ஒன்றும் தெரியாமல் மசக்கையில் மாங்காய் தின்றுகொண்டிருந்தாளே, அப்போதா? அல்லது சீனித் தண்ணீரிலா? வார்டில் இவள் அரை மயக்கத்தில் கிடக்கும்போது தங்கம் மதினி உள்ளே வந்துவிட்டாள். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, வேறு எதையும் கலந்தால் பிள்ளையின் குடல் புண்ணாகி, அதன் வழியாக உள்ளே போகும் என்று ஜெபராணி மேடம் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். கண்ணைத் திறந்தால் மதினி விரலில் சீனித் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "நாந்தான் சேனை வச்சேன். எங் கொணம் வரட்டும் புள்ளைக்கி, ஒங் கொணம் வந்தா ஊமையாத்தான் இருக்கும்" என்றாள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும். வரட்டும், மதினி தைரியசாலி, வந்தால் நல்லதுதான். இவளிடமிருந்து என்ன வந்தது என்பதுதான் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள், தினமும் ஒரு வேளை. "நீங்க ஒழுங்கா சாப்பிட்டதால பாப்பாவுக்கு ஆறு வாரம் போதும். மாத்திரை விட்டவங்க பிள்ளைகளுக்குத்தான் பன்னெண்டு வாரம்" என்று ஜெபராணி மேடம் சொன்னாள். அங்கேதான் பெரிய தப்பு. மற்றதெல்லாம் மறதி, பயம், மழை, ஆக்ஸில், கூட்ஸ் வண்டி. இது அப்படி இல்லை. மேடம் வாயிலிருந்து பன்னெண்டு என்ற வார்த்தை வந்தபோது இவள் வாயைத் திறந்தாள், மேடம் கோப்பில் முட்டை முட்டையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், இவள் வாயை மூடிக்கொண்டாள். ஆறு வாரம் முடிந்ததும் சிரப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். யாரும் பிடுங்கவில்லை, இவள்தான் பிள்ளை வாயிலிருந்து அந்த ஆறு வாரத்தை எடுத்தாள்.

குழந்தை நெளிந்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது, பால் நேரம். முனீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். வாய் கவ்விய உடனே வழக்கமான அந்தக் கூச்சம் முதுகில் ஏறியது, நல்லதா கெட்டதா தெரியாத கூச்சம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தால் பயமில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு நாள் விடுவதில்லை, ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே டம்ளரோடு உட்கார்ந்துவிடுகிறாள். ஆனாலும் பிள்ளை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும், எதைக் கொடுக்கிறேன் என்று ஒரு கேள்வி நெஞ்சுக்குள் வந்து நின்றுவிட்டுத்தான் போகும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பால், பத்துத் தடவை அந்தக் கேள்வி. ஆள் அசந்துபோகாமல் என்ன செய்வாள். இந்தப் பரிசோதனைக்காக ஆறாம் வாரம் நர்ஸ் பிள்ளையின் குதிகாலில் குத்தி, தடித்த காகிதத்தில் ஐந்து வட்டத்தில் ஐந்து சொட்டு ரத்தம் வைத்தாள். நல்ல காகிதம், முந்நூறு ஜி.எஸ்.எம். இருக்கும் என்று கண் கணக்குப் போட்டது, பிள்ளை வீறிட்டுக் கத்துகிறது, இவள் காகிதத்துக்குக் கனம் பார்க்கிறாள். வட்டத்துக்கு வெளியே போகக் கூடாதாம், ஒட்டி ஒட்டி வைத்தாள். மூன்றாவது சொட்டு மட்டும் கொஞ்சம் வெளியே கசிந்தது. அந்தக் கசிவு ஒரு மாதமாகக் கனவில் வருகிறது. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தடுப்பூசி அட்டையில் பேபி ஆஃப் முனீஸ்வரி. பெயர்சூட்டு விழா அழைப்பிதழ் என்று ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அடித்திருக்கிறாள், ரோஜாப்பூ வைத்து, தொட்டில் வைத்து. சோலையப்பன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், ரிசல்ட் வரட்டும் என்று இவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ரிசல்ட்டுக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை ஒரு கையால் இவள் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இந்த உலகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் குடித்தது.

"அக்கா, என்ன பிள்ளை?"

வளையல்காரப் பெண்தான். முகம் சின்னதாக, கன்னத்துச் சந்தனம் காதோரம் இன்னும் ஒட்டியிருந்தது, இருபத்தியொன்று இருக்கும்.

"பொம்பளப் பிள்ளை."

"நல்லாருக்காளாக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த வராந்தாவில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முனீஸ்வரி முந்தானையைச் சரிசெய்தாள், அதைத் தெரிந்துகொள்ளத்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அந்தப் பெண் பயந்துபோகும். கலகல என்று கையை மடியில் கோத்துக்கொண்டு அவள் போர்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கும் சேய் என்ற வார்த்தை இடிக்கிறதோ என்னவோ.

"முனீஸ்வரி, வாங்க."

எழுந்திருக்கும்போது கால் மரத்திருந்தது. அறைக்குள் மேஜை, மின்விசிறி, மேடத்தின் டிபன் பை, திறந்து கிடந்த கோப்பு. மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் முனீஸ்வரி கோப்பைத்தான் பார்த்தாள், முகம் பொய் சொன்னாலும் சொல்லும், எழுத்து சொல்லாது. மேலே ஒரு புதுத் தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பது இவளுக்குக் கைவந்த கலை, அச்சகத்தில் ஆட்கள் மேஜைக்கு அந்தப்பக்கம் நின்று கொடுப்பதைப் படித்தே பழக்கம். ஆனால் கண்ணில் எழுத்து நிற்கவில்லை, எறும்பு மாதிரி ஓடியது.

"பாப்பாவுக்கு வைரஸ் இல்லை" என்றாள் ஜெபராணி மேடம்.

முனீஸ்வரி தலையை ஆட்டினாள். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. அழுகை வரும் என்று முந்தானையைத் தயாராகப் பிடித்தாள், வரவில்லை, கொட்டாவிதான் வந்தது, பெரிய கொட்டாவி, வாயை மூடக்கூட முடியவில்லை, மூன்று மாதத் தூக்கம் ஒரே நேரத்தில் வந்து தோளில் உட்கார்ந்த மாதிரி. மேடம் சிரித்தாள். "தூங்குங்க, நல்லாத் தூங்குங்க. ஆனா இதோட முடியலை. ஆறாம் மாசம் ஒண்ணு, பன்னெண்டுல ஒண்ணு, ஒண்ணரை வயசுல கடைசி. பால் குடிக்கிற வரைக்கும் உங்க மாத்திரைதான் அவளுக்குக் காவல். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை." இது முதல் ப்ரூஃப், இன்னும் மூன்று இருக்கிறது. ஆனாலும் இல்லை. பிள்ளைக்கு இல்லை. பிழைத்துக்கொண்டது. அந்த வார்த்தையில் மனசு போய் மாட்டிக்கொண்டது. பிழை என்றாலும் அதுதான், பிழைத்தது என்றாலும் அதே எழுத்துதான், ஏழு வருஷமாகப் பிழை பிழை என்று தேடியும் இது கண்ணில் பட்டதில்லையே. இவள் செய்தது பிழை. பிள்ளை பிழைத்தது. இனி யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை, மேடம் தாளைக் கோப்பில் குத்திவிட்டால் அந்தப் பதினோரு நாள் இல்லாமலே போய்விடும். கக்கூஸில் போகாமல் மிதந்த அந்த ஒரு மாத்திரை உள்பட.

"ஒரு உதவி கேக்கலாமா?" என்றாள் மேடம். "வெளிய ஒரு பொண்ணு இருக்கா, அனுசுயான்னு. ரொம்பப் பயப்படுறா. நல்லபடியாப் பெத்த ஒருத்தங்ககூடப் பேசணும்னு அவளே கேட்டா. உங்களுக்குச் சம்மதம்னா கூப்பிடுறேன், இல்லைன்னா வேண்டாம்." இதற்கு எப்படி இல்லை என்பது. வளையல் சத்தம் அறைக்குள் வந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. "பாத்தியா அனு, இவங்க பாப்பாவுக்கு இன்னிக்குத்தான் ரிசல்ட் வந்திருக்கு. ஒண்ணும் இல்லை. ஏன்? இவங்க ஒரு நாள்கூட மாத்திரை விட்டதில்லை. இங்க பாரு." மேடம் கோப்பைத் திருப்பிக் காட்டினாள், கட்டம் கட்டமாக முட்டை.

அந்தப் பெண் முட்டைகளைப் பார்த்தாள், பிறகு முனீஸ்வரியைப் பார்த்தாள், கோயிலில் பார்க்கிற மாதிரி. "எப்படிக்கா? நல்ல நாள் பாத்து நாளைக்குத்தான் எங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போறாக. அங்கிட்டு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா."

"மாத்திரை எங்க வச்சிருக்க?" முனீஸ்வரி கேட்டது அவளுக்கே அதட்டல் மாதிரி கேட்டது.

"வீட்லதான்க்கா. சீயக்காத் தூள் டப்பாவுல. பையை எங்க அத்தைதான் கட்டுறாக, அதுல வைக்க முடியாது. அவருகிட்டச் சொல்லியிருக்கேன், ஒரு வாரத்துல வரும்போது எடுத்துட்டு வாறேன்னாக. ஒரு வாரம்தானக்கா? இம்புட்டு நாளு ஒழுங்காத்தான் போட்டுட்டு வந்திருக்கேன், ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிராதுல்ல?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரிக்குக் கூட்ஸ் வண்டி கேட்டது. பெட்டி பெட்டியாக, முடிகிறதாயில்லை. பேசாமல் இருந்தால் மேடமே சொல்லிவிடுவாள், இப்போதே போய் எடு, இல்லை இங்கேயே வாங்கிக்கொள் என்று அழகாகச் சொல்வாள், இந்தப் பெண்ணும் தலையாட்டும். முனீஸ்வரியும் எட்டு மாதம் தலையாட்டினாள். சொன்னால் முட்டையெல்லாம் போய்விடும், அந்த 'நீங்கதான் முனீஸ்வரி'யும் போய்விடும், மேடம் முகம் என்ன ஆகுமோ. மடியில் பிள்ளை ஏப்பம் விட்டது.

"ஆகும்" என்றாள். "எம் பிள்ளைக்கு ஆகலை. ஆகாமப் போனது எஞ் சாமர்த்தியம் இல்ல. நான் விட்டேன். இதே மாதிரி வளைகாப்பு முடிஞ்சு போகையில டப்பாவ வச்சுட்டுப் போயி பதினோரு நாள் விட்டேன். அப்புறம் கணக்குச் சரியா இருக்கணும்னு பதினோரு மாத்திரைய எண்ணிக் கக்கூஸ்ல போட்டேன் மேடம். பாப்பாவுக்குப் பன்னெண்டு வாரம் மருந்துன்னு நீங்க சொன்னப்பயும் வாயத் தொறக்கல." குரல் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி வந்தது. "நீ இப்பப் போகும்போது இங்கனயே வாங்கி, ஒம் மடியில முடிஞ்சுக்கிட்டுப் போ. யாரு ஆட்டிப் பாத்தாலும் பாத்துட்டுப் போறாக."

காலையிலிருந்து முதல் தடவையாக வளையல்கள் சத்தம் போடவில்லை. ஜெபராணி மேடம் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம், அது போகாமலே பின்னால் வேறு ஏதோவும் வந்து நின்றது. "உங்க ரத்தம் இன்னிக்கே திரும்ப எடுக்கணும் முனீஸ்வரி. பாப்பா மருந்து பத்தி டாக்டர்கிட்டக் கேக்கணும். இருந்துட்டுத்தான் போகணும்" என்றாள். பிறகு கோப்பைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தைத் திருப்பி, விட்ட நாட்கள் என்ற கட்டத்தில் அந்த மாதத்து முட்டையைச் சிவப்பு மையால் அடித்து, மேலே எழுதினாள். முனீஸ்வரி எதிர்ப்பக்கம் இருந்தே தலைகீழாகப் படித்தாள். பதினொன்று. இந்தத் தடவை பிழை இல்லை.